எண்ணப்படாத கண்கள்

தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். இவ்விரண்டுக்கும் உள்ள உறவை நன்னூலின் பாயிரப் பகுதி ஓர் உருவகத்தால் விளக்குகிறது. சொற்களைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அவன் மதியை நூற்கும் கதிராகவும் அது காட்டுகிறது. இலக்கணம் கற்ற சான்றோர்க்கு உவமை தேடிய நேரத்தில், திண்ணையில் அமர்ந்து நூல் நூற்ற பெண் ஒருத்திதான் கண்முன் வந்து நின்றாள் போலும்! நற்றிணையிலும் ஆண்துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய இழை பேசப்படுகிறது.

ஆயினும், புலவனுக்கு உவமையான அப்பெண் என்ன அறிந்திருந்தாள், எவ்வாறு கணக்கிட்டாள், தன் கைவினைக்கு என்னென்ன சொற்களைப் பயன்படுத்தினாள் என்பதை எழுதிவைத்தார் இலர். அவள் நூற்றது எண்ணப்பட்டது; அவள் அறிவு எண்ணப்படவில்லை. இக்குறை இன்றும் தொடர்கிறது என்பதற்கு எம் இல்லத்து நிகழ்ச்சிகளையே சான்றாக வைத்து, குரோஷா என்னும் கைப்பின்னலைப் பற்றிச் சில கருத்துகளை மாணவச் செல்வங்களின் முன்னும் பெரியோர்களின் முன்னும் வைக்க விழைகின்றோம்.

கொக்கி ஊசியின் கதை

'குரோஷா' என்று நம் பெண்கள் வழங்கும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் அது சிறு கொக்கியைக் குறிக்கும். உல்லன் சட்டை பின்னுவோர் இரண்டு ஊசிகளைக் கையாள்வர். பல கண்கள் ஒரே நேரத்தில் ஊசியில் நிற்கும். குரோஷாவுக்கு ஒரே ஊசிதான். நுனியில் கொக்கி. ஒரு கண்ணை முடித்த பிறகே அடுத்த கண். ஆகவே கை நழுவினாலும் முழுவதும் குலைந்துவிடாது. அடுப்பில் பால் பொங்கினால் கீழே வைத்துவிட்டு எழலாம். குழந்தை அழுதால் தூக்கலாம். திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இடையறாது இடையூறு நேரும் வாழ்வுக்கென்றே அமைந்த கலை இது எனலாம். துணி நெய்யவும் பனியன் பின்னவும் இயந்திரங்கள் பெருகிய இந்நாளிலும், கடைகளில் விற்கும் உண்மையான குரோஷாப் பின்னல் பெரும்பாலும் கைவேலையே.

இக்கலை வறுமைக்குக் கைகொடுத்த வரலாறும் உண்டு. அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து கொடும்பஞ்சம் நிலவியபோது, குரோஷா லேஸ் பின்னி விற்றுப் பிழைத்த குடும்பங்கள் பல.

நம் மண்ணுக்கும் இதனோடு ஒத்த ஒரு வரலாறு இருக்கிறது. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அது குரோஷா அன்று. தலையணைமேல் சிறு கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் வேறொரு வகை. அவ்வருவாயைக் கொண்டு அடிமைத்தளையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தனர் என்பர். அவருடைய மகள் எலைசாவே 1844இல் கால்டுவெல் பெருமகனாரை மணந்து, இடையன்குடிப் பெண்களுக்கு அத்தொழிலைக் கொண்டு சென்றவர். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்ததைத் தமிழ் மாணவர் எவரும் அறிவர். அதே வீட்டில் அம்மையார் வளர்த்த நூல்கலையை அறிந்தவர் எத்துணைப் பேர்?

எதுவும் வீண் போகாத வீடு

எம் அன்னையார் குரோஷா கற்றது பள்ளியில் அன்று, தம் மாமியிடம். அவர் கையில் முதலில் கிடைத்த ஊசி, முறிந்த குடையின் கம்பியை அரத்தால் தேய்த்துக் கொக்கியாக்கியது. விலைக்கு வாங்கிய நூல் தொப்பிக்கு மட்டுமே. 20ஆம் எண் வெள்ளை நூல் உருண்டை. எண் கூடக்கூட நூல் மெலியும். மற்றவற்றுக்கெல்லாம் வீட்டில் கழிந்தவையே பொருள்.

உல்லன் சட்டை பிள்ளைக்குச் சிறுத்துவிட்டால் அதை எறியமாட்டார். தையலைப் பிரித்து, இழையை உருவி, நாற்காலியின் முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, நீரில் நனைத்து, கீழே ஒரு பாரம் தொங்கவிட்டுக் காயவைப்பார். சுருண்டு கிடந்த இழை நேராகிவிடும். அக்காவின் சட்டை இவ்வாறு எமக்குக் காதுமறைக்கும் குல்லாவாகவும், பின்னர் தம்பிக்குக் காலுறையாகவும் மூன்று பிறவி எடுத்தது.

அத்தாவின் பழைய பனியன்களுக்கு வேறு வழி. அக்குளுக்குக் கீழே வெட்டினால் பனியன் ஒரு குழாய். அதை விரல் அகலத்தில் சுற்றிச் சுற்றி வெட்டினால் அறுபடாத ஒரே நாடா. அந்நாடாவை இழுத்துவிட்டால் ஓரங்கள் உள்ளே சுருண்டு, தடித்த கயிறுபோல் ஆகிவிடும். இதற்கு இரும்பு ஊசி போதாது என்று, ஆசாரியிடம் சொல்லிப் பூவரசங் கட்டையில் விரல் தடிமனில் ஒரு கொக்கி செய்து வாங்கினார். கால்மிதி, பானை வைக்கும் பிரிமணை, தொட்டிலின் விரிப்பு எல்லாம் அதில் பிறந்தன. நைந்த சேலையை ஒரு முனையிலிருந்து மறுமுனை அறுபடாமல், கரையருகே நிறுத்தி, பின் எதிர்ப்பக்கமிருந்து வெட்டி வந்தால் அதுவும் ஒரே நாடாவாகும்.

தமிழகத்தில் 2019 சனவரி முதல் நாள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் தடை செய்யப்பட்டன; பால் உறைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அன்று முதல் அன்னையாரின் பார்வை பால் உறையின்மேல் விழுந்தது. கழுவிக் காயவைத்து, வளையங்களாக வெட்டி, ஒன்றோடொன்று கோத்து நூலாக்கி, மீன் வாங்கும் பை பின்னினார். நீரில் நனையாது, நாற்றம் ஊறாது. அதனை ஊரார் வியந்தபோது, "பால் குடிச்ச காசு இதுலயும் வரவு வைக்கணும்ல" என்றார்.

வீண்விரயத்தை மார்க்கம் கண்டிக்கிறது என்பதை நாம் மேடையில் கேட்டு அறிந்தோம். அதன் பொருளைப் பனியன் நாடாவில்தான் கண்டோம்.

தொப்பிக்குள் ஒரு கணிதம்

வெள்ளைத் தொப்பி பின்னுவதை அருகிருந்து கவனித்தவர், அது மனக்கணக்கு என்பதை உணர்வர். முதல் சுற்றில் 12 நெடுங்கண்கள். ஒவ்வொரு சுற்றிலும் 12 கண் கூட்டவேண்டும். இரண்டாம் சுற்றில் 24; மூன்றாம் சுற்றில் 36; பதினைந்தாம் சுற்றில் 180. அவ்வாறு கூட்டினால்தான் வட்டம் மேசைமேல் விரித்ததுபோல் தட்டையாகக் கிடக்கும். தலையின் அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். உடனே வட்டத்தின் விளிம்பு மடிந்து கீழிறங்கும். அதை அன்னையார் 'சுவர் ஏற்றுதல்' என்பார். குறையக் கூட்டினால் கிண்ணமாகும்; மிகையாகக் கூட்டினால் விளிம்பு பூவிதழாய் நெளியும். "கண்ணு தப்புனா தொப்பி தலையில நிக்காது புள்ள" என்பது எம் மகளுக்கு அவர் சொன்ன முதற்பாடம்.

மிகையாகக் கூட்டினால் நெளியும் அப்பரப்பு, கணித அறிஞர்கள் நெடுங்காலம் கையில் பிடித்துக் காட்ட இயலாமல் திகைத்த ஒன்று. 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா தைமிணா என்னும் கணித அம்மையார் ஒரு குரோஷா ஊசியை எடுத்து, ஒரே விகிதத்தில் கண்களைக் கூட்டிக்கொண்டே போய், அதிபரவளையத் தளம் எனப்படும் அவ்வடிவத்தை உறுதியான பின்னலாகச் செய்து மாணவர் கையில் கொடுத்தார். தாள் மாதிரிகள் கிழிந்துபோன இடத்தில் நூல் மாதிரி நிலைத்தது.

'சும்மா இருக்கேன்'

1999இல் அத்தா இறையடி சேர்ந்தார். தம்பி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான், நாம் கல்லூரியில். அன்னையார் இத்தா முடித்து எழுந்தபின், கடைத்தெரு வணிகர் ஒருவரிடம் நூல் வாங்கிப் பின்னித் தரும் வேலையை ஏற்றார். தொப்பி ஒன்றுக்கு 8 ரூபாய். மேற்கூறிய கணக்கைப் பாருங்கள். பதினைந்து சுற்றுத் தலைப்பகுதியில் 1,440 கண்கள். 180 கண் வீதம் பத்துச் சுற்றுச் சுவரில் 1,800 கண்கள். ஆக, ஒரு தொப்பிக்கு 3,240 கண்கள். ஒரு ரூபாய்க்கு 405 கண்கள். நோன்பு மாதம் நெருங்க நெருங்க ஸஹர் நேரம்வரை விளக்கு எரியும். எம் முதுகலைக் கட்டணமும், பின்னர் எம்.ஃபில். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து கட்டம் செய்த செலவும் அக்கண்களிலிருந்து வந்தவையே.

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஒருவர் வந்தார். அன்னையார் மடியில் பாதித் தொப்பி, விரலில் நூல்.

"அம்மா, நீங்க என்ன வேலை செய்யிறீங்க?"

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. வீட்ல சும்மாதான் இருக்கேன்."

அவர் சொன்னதை எழுதிக்கொண்டு போனார். அவர்மேல் குறை காண்பதற்கில்லை. வீட்டுத் தொழில் செய்வோர் என்று ஒரு தனிப்பிரிவே அக்கணக்கெடுப்பில் இருந்தது. அதில் நுழையத் தகுதியுடையவரே தம்மை வெளியே நிறுத்திக்கொண்டார். பிறர் மறைத்தால் போராடலாம். தம் உழைப்பைத் தாமே உழைப்பென்று அறியாதிருப்பவருக்கு யார் வழக்காடுவது?

இது எம் அன்னையார் ஒருவரின் நிலையன்று. ஆந்திர மாநிலத்தின் நர்சாபூர் வட்டாரத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வெளிநாடுகளுக்குக் குரோஷா லேஸ் பின்னித் தருபவர்கள். ஜெர்மானியச் சமூகவியலறிஞர் மரியா மீஸ் அங்குத் தங்கி ஆய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்பெண்கள் உலகச் சந்தைக்கு உழைத்தும், இல்லத்தரசியர் என்றும், ஓய்வு நேரத்தில் பின்னுபவர் என்றும் கருதப்பட்டதால்தான் கூலி அத்துணைக் குறைவாக நிறுத்தப்பட்டது என்பது அவர் கண்ட முடிவு. 'ஓய்வு நேரம்' என்ற இரு சொற்கள் ஒருவர் வயிற்றில் அடிக்கவல்லவை என்பதை அந்நூலில் கற்றோம். 2024இல் நர்சாபூர் லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் வந்தது நன்று. பின்னும் கைக்கும் உரிய விலை வரவேண்டும்.

தமிழ்த்துறையின் கடமை

இக்கலையைப் புகழ்ந்து பாடி, பெண்கள் வீட்டிலிருந்தபடியே பின்னிக்கொண்டிருக்கட்டும் என்று கூறுவது எம் நோக்கமன்று. விளக்கொளியில் நுண்நூல் பின்னுவது கண்ணைப் பறிக்கும்; கழுத்தையும் மணிக்கட்டையும் வருத்தும். எம் மகள் பொறியியலும் படிக்கட்டும், பின்னலும் அறியட்டும். எம் மகனும் நன்னியிடம் ஊசி பிடிக்கக் கற்றிருக்கின்றான். அதைக் கண்டு நகைத்த உறவினருக்கு, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதையும் தம் காலணியைத் தாமே செப்பனிட்டதையும் நினைவூட்டினோம். அதன்பின் அவர் நகைக்கவில்லை.

நம்போன்ற தமிழ்த்துறையினர் ஆற்றக்கூடிய பணி ஒன்று உண்டு. உழவுத் தொழிற்சொற்களும் மீன்பிடித் தொழிற்சொற்களும் அகராதிகளாகத் தொகுக்கப்பட்டுள்ளன. வீட்டுக்குள் இருந்த கைவினைச் சொற்களை யார் தொகுப்பது? கண், சங்கிலி, நடு, கூட்டு, சுவர், விளிம்பு என்று எம் அன்னையார் வழங்கும் சொற்களே முப்பதுக்குமேல் எம் குறிப்பேட்டில் சேர்ந்துள்ளன. காயல்பட்டினத்து வீடுகளில் வேறு சொல் இருக்கலாம், கீழக்கரையில் வேறு, வாணியம்பாடியில் உருது கலந்திருக்கலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ, மாணவியர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூதாட்டியாரின் அருகமர்ந்து பத்துச் சொற்களைக் கேட்டெழுதி வந்தால், ஓராண்டில் நம் துறையிலேயே ஒரு சொற்றொகுதி உருவாகிவிடும். பழைய பனியனையும் பால் உறையையும் நூலாக்கும் செய்முறைகளையும் உடன் எழுதிவைக்கலாம்.

அவ்வாறு கேட்கச் செல்லும்போது, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று தொடங்க வேண்டா. "சும்மா இருக்கேன்" என்ற விடையே கிடைக்கும். "இன்று உங்கள் கை என்னென்ன செய்தது?" என்று கேளுங்கள். பிறகு பொறுமையாக அமர்ந்து எழுதுங்கள், எண்ணிக்கையையும் எழுதுங்கள். எல்லாம் வல்ல இறைவன் அப்பணிக்குத் துணைபுரிவானாக!