தொழுகை நேர அட்டையும் ஒரு தென்னையும்

இயற்கைக் காட்சிகளைப் படம் பிடிக்க மலைநாட்டுக்குப் போக வேண்டும், விலை கூடிய கெமரா வேண்டும் என்று தோழியர் பலர் சொல்வார்கள். என்னிடம் இருப்பது வாப்பாவின் கைத்தொலைபேசி. எங்கள் ஊர் நிந்தவூர். கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டை. சூரியன் கடலில் எழுந்து வட்டையில் மறையும்.

நல்ல படத்துக்குப் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். அதற்குரிய திட்டம் எங்கள் சுவரில் தொங்குகிறது, தொழுகை நேர அட்டையாக. சூரியன் உதிக்கும் நேரம் அதில் உண்டு. மஃரிப் என்றால் சூரியன் மறைந்த நேரம். நவம்பரில் அது 5.40 அளவில் வரும், ஜூலையில் 6.20ஐத் தாண்டும். உதயத்துக்குப் பின்னும் மறைவுக்கு முன்னும் உள்ள அரை மணி நேரத்தில் வெயில் சாய்ந்து விழும். நிழல் நீளும். மணலின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். நண்பகலில் அதே மணல் வெறும் வெள்ளையாய்க் கிடக்கும்.

பிறைக் கணக்கும் உதவும். முழுநிலா, சூரியன் மறையும் நேரத்தை அண்டியே கடலுக்கு மேல் எழும். அன்று போயா விடுமுறை என்பதால் பாடசாலையும் இல்லை. வட்டைக்கோ போகங்கள்தாம் நாட்காட்டி. பெரும்போக விதைப்புக் காலத்தில் வயலில் தேங்கிய நீர் வானத்தைக் காட்டும். டிசம்பர், ஜனவரியில் பச்சை. பெப்ரவரி, மார்ச்சில் பொன்னிறம்.

பெண்பிள்ளைகள் நினைத்த நேரம் கடற்கரைக்குப் போக முடியாது. ஆகவே எந்த இடம், எத்தனை மணிக்குப் போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முதல் நாள் இரவே துண்டுக் காகிதத்தில் எழுதி வாப்பாவிடம் கொடுப்பேன். சுபஹ் தொழுத பின் அவரே மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போவார். "உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு இது என்னத்துக்கு மகள்?" என்று முன்பு கேட்டவர், இப்போது "இண்டைக்கு முகில் கூட, நாளைக்குப் போவம்" என்கிறார்.

எதைப் படம் பிடிப்பது என்பதை எனக்குக் காட்டியவர் உம்மா. 2004 டிசம்பர் 26க்கு முந்திய கடற்கரையை அவர் சொல்லித்தான் அறிவேன். மூத்தம்மாவின் வீடு, வாசலில் கிணறு, அப்பால் தென்னைகள், அதற்கும் அப்பால் மணல்மேடு. "கிணத்தடியில நிண்டா கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேக்கும்" என்பார். சுனாமியில் வீட்டோடு அல்பமும் போனது. ஒரு படமும் மிஞ்சவில்லை.

இன்று எங்கள் கரையைக் கடல் அரித்து வருகிறது. அதனால் கரைவலைத் தோணிகள் இழுத்து வைக்கும் இடத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்து, மாதம் ஒரு படம் எடுக்கிறேன். இதுவரை ஒன்பது படங்கள். முதல் மூன்றில் ஒரு தென்னை நிமிர்ந்து நிற்கிறது. ஆறாவதில் அதன் வேர் வெளியே தெரிகிறது. ஒன்பதாவதில் மரம் தண்ணீரில் கிடக்கிறது. உம்மா அவற்றை வரிசையாக வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, முதல் படத்தைப் பிரதி எடுத்துச் சட்டம் போட்டுத் தரச் சொன்னார்.

உங்கள் ஊரிலும் ஓர் ஆற்றங்கரை, ஒரு வரம்பு, ஒரு பழைய மரம் இருக்கும். அதைத் தெரிந்தெடுங்கள். மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். படத்தின் பின்னால் திகதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள்.