கப்பலில் முதற்பாடம்

முதன்முறையாக உல்லாசக் கப்பலில் புறப்படுகிறவர்கள் நம்மிடம் கேட்பது, "தலை சுற்றுமா?" என்பதுதான். கப்பலின் நடுப்பாகத்தில், கீழ்த்தட்டில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு. பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேரத் தாமதமாகலாம். ஆகையால் பாஸ்போர்ட்டும் மருந்தும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

இவற்றினும் முக்கியமானது, ஆபத்துக் காலத்தில் கூடவேண்டிய இடத்தைக் காட்டித் தரும் பயிற்சி. 'டிரில்' என்றால் பிள்ளைகள் முகம் சுளிப்பது உபாத்தியாயர்களான நமக்குப் புதிதல்ல. கப்பலில் பெரியவர்களே சுளிக்கிறார்கள்!

2012 ஜனவரி 13-ந் தேதி, இத்தாலியின் கிக்லியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதி 32 பேர் மாண்டனர். அன்று ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதுமென்பது அக்காலத்து விதி. புறப்படுமுன், அல்லது புறப்பட்டவுடனே நடத்தியாக வேண்டுமென்று 2015 முதல் விதி மாறியது.

ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல்: இதுவே அபாய அறிவிப்பு. அதைக் கேட்டால் எந்தப் படிக்கட்டு வழியே எங்கே போகவேண்டுமென்று வீட்டுக் குழந்தைகளும் ஒப்பிக்கட்டும். அதன் பிறகு விருந்துக்குப் போகலாம்.