தொண்ணூற்றாறு கண்ணி

"எத்தன பீஸ் வேணும், தம்பி?"

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு டை மேக்கர் முதலில் கேட்டது இதைத்தான். என் நண்பர் நீட்டிய மாதிரியை அவர் இன்னும் கையில்கூட வாங்கவில்லை. நிஜ டாங்கிகள் உருவாகும் ஆவடித் தொழிற்சாலை அங்கிருந்து பக்கம்தான். நாங்கள் போனதோ ரேடியோ கன்ட்ரோலில் ஓடும் பொம்மை டாங்கிக்கு ட்ராக் செய்ய.

நண்பரின் வண்டி இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் டைகர், பதினாறில் ஒரு பங்கு அளவில். அசலின் ட்ராக்கில் பக்கத்துக்கு 96 கண்ணிகள். ஒவ்வொன்றும் 725 மில்லிமீட்டர் அகலம். கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு இடைவெளி 130. பதினாறால் வகுத்தால் அகலம் 45 மில்லிமீட்டர், இடைவெளி எட்டுக்குச் சற்று மேல். ஒரு வண்டிக்கு 192 கண்ணி.

மாதிரி, வீட்டு த்ரீடி பிரின்டரில் எடுத்தது. டை மேக்கர் இரண்டு விரலால் வளைத்ததும் பின் நுழையும் காதுகள் அடுக்கடுக்காகப் பிரிந்தன. "பாக்க நல்லா இருக்கு. இழுவைக்கு நிக்காது."

ஒரே வண்டி என்றால் சிலிக்கோன் அச்சில் பாலியூரித்தேன் ஊற்றச் சொன்னார். பத்துக் கண்ணிக்கான அச்சில் இருபது முறை ஊற்றினால் வேலை முடிந்தது. அச்சும் ஏறக்குறைய அத்தோடு ஓரங்களில் கிழிய ஆரம்பிக்கும். நண்பருக்கு வேண்டியதோ 50 வண்டிக்கு, அதாவது 9600 கண்ணி. அதற்கு இரும்பு டைதான், இன்ஜெக்‌ஷன் மோல்டிங்தான்.

எந்தப் பிளாஸ்டிக் என்பதில்தான் பேச்சு நீண்டது. அசிட்டல் ஆறும்போது நூற்றுக்கு இரண்டு சுருங்கும், ஏ.பி.எஸ். அரை சதவீதத்தோடு நின்றுவிடும். ஒரு கண்ணியில் இரண்டு சதவீதம் என்பது 0.16 மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. 96-ஐக் கோத்துப் பார்த்தால் 15 மில்லிமீட்டரைத் தாண்டும், கிட்டத்தட்ட இரண்டு கண்ணி நீளம். பல்சக்கரத்தில் பல் சரியாக உட்காராமல் ட்ராக் கழன்றுவிடும். அதனால் ஏ.பி.எஸ்.ஸுக்கு வெட்டிய டையில் அசிட்டலை விட முடியாது. இந்தக் கணக்கை அவர் மேஜைமேல் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். நான் பார்த்த எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பின் துளையும் லேசான விஷயமல்ல. 45 மில்லிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய கம்பியை டைக்குள் நிறுத்தினால், பாய்ந்து வரும் பிளாஸ்டிக்கின் அழுத்தம் அதை வளைத்துவிடும். இரு பக்கமிருந்தும் பாதிப் பாதியாகக் கம்பி வந்து நடுவில் சந்திக்கும்படி செய்யலாம் என்றார்.

அன்று மிஷினில் நைலான் புஷ் ஓடிக்கொண்டிருந்தது. ரன்னரை உடைத்து, பிளேடால் பிசிறு சீவிக்கொண்டிருந்த அக்கா, சீவிய புஷ்களை வெந்நீரில் போட்டார். "தண்ணி குடிச்சாத்தான் சார் இது நைலான். இல்லன்னா கண்ணாடி மாதிரி தெறிக்கும்." அதே நைலான் குருணையை மோல்டிங்குக்கு முன் ஈரமில்லாமல் காயவைக்கவும் வேண்டும். தண்ணீர் குடித்த நைலான் அளவில் சற்று உப்பும் என்பதால், ட்ராக்குக்கு அசிட்டலே என்று முடிவானது. ஒன்று மட்டும்: அசிட்டல் சூடு மீறினால் ஃபார்மால்டிஹைடு கிளம்பும், கண்ணும் தொண்டையும் எரியும். மிஷினுக்கு மேலே புகைபோக்கி விசிறி இல்லாத பட்டறைக்கு இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

இப்படி ஒரு பாகம் செய்ய நினைப்பவர்கள், கம்ப்யூட்டரில் வரைபடத்தை முடிப்பதற்கு முன்பே ஒரு டை மேக்கரைப் போய்ப் பாருங்கள். எத்தனை பீஸ் என்பதை முதலில் சொல்லுங்கள்.