வராத ஒரு வாக்கு

1996ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலன்று என் தந்தையார் படுத்த படுக்கையாயிருந்தார். இதயம் மிகவும் பலவீனமுற்றிருந்தது. அசைக்கவே கூடாதென்று மருத்துவர் கண்டித்துக் கூறியிருந்தார். தந்தையாரோ விடிந்ததும் சலவை வேட்டியைக் கேட்டார். "நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள், பள்ளிக்கூடம் பக்கந்தானே" என்றார். கட்சிக்காரர்கள் காரோடு வாசலில் நின்றனர். நான் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். தந்தையார் என்னோடு வாதாடவில்லை; சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அடுத்த மாதமே இறைவனடி சேர்ந்தார்.

நான் செய்தது சரிதானா என்ற கேள்வி நெடுநாள் என்னை வாட்டியது. பின்னர் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தைப் பற்றிப் படிக்கையில், ஏறக்குறைய அதே கேள்வி ஒரு பிரதம மந்திரியின் முன் நின்றதைக் கண்டேன்.

பாராளுமன்ற ஆட்சிமுறையில் பிரதம மந்திரியை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதை வாசக அன்பர்கள் அறிவர். மக்கள் உறுப்பினர்களை அனுப்புகின்றனர். அவ்வுறுப்பினர்களுள் பெரும்பான்மையோரின் நம்பிக்கை உள்ளவரைதான் மந்திரிசபைக்கு உயிர். அமெரிக்க ஜனாதிபதியைப் போல, சபை வெறுத்தாலும் நான்காண்டைக் கழித்துவிடலாம் என்ற நிம்மதி பிரதம மந்திரிக்குக் கிடையாது.

1979இல் ஜேம்ஸ் கலகனின் தொழிற்கட்சி அரசுக்குச் சொந்தப் பெரும்பான்மை இல்லை. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சபை அமைக்கும் திட்டம் கைகூடாது போகவே, ஸ்காட்லாந்து தேசியக் கட்சியினர் 11 பேரும் எதிராகத் திரும்பினர். எதிர்க்கட்சித் தலைவி மார்கரெட் தாட்சர் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணர்ந்தார். மார்ச் 28ஆம் நாள் இரவு வாக்கெடுப்பு. கொறடாக்கள் தலை தலையாக எண்ணினர். பிராங்க் மகுவயர் என்னும் சுயேச்சை உறுப்பினர் அயர்லாந்திலிருந்து கடல் கடந்து வந்து சேர்ந்தார். எதற்கென்றால், எப்பக்கமும் வாக்களியாதிருப்பதற்கு!

தொழிற்கட்சி உறுப்பினர் ஆல்பிரட் பிராட்டன் அப்போது மரணப்படுக்கையில் இருந்தார். நோயாளி ஆம்புலன்சில் பாராளுமன்ற வளாகத்துக்குள் வந்துவிட்டாலே போதும், அவர் வாக்கை எண்ணிக்கொள்ளும் வழக்கம் அங்கு உண்டு. பிராட்டன் வரத் தயாராகவே இருந்தார். ஆனால் பயணத்திலேயே உயிர் பிரியக்கூடும். கலகன் அவரை அழைக்க மறுத்துவிட்டார்.

நோயுற்ற ஒருவருக்கு ஈடாக எதிரணியிலும் ஒருவர் ஒதுங்கிக்கொள்ளும் கனவான்கள் ஒப்பந்தமும் உண்டு. அரசுத் தரப்புக் கொறடா வால்ட்டர் ஹாரிசன் அதை எதிர்த்தரப்புக் கொறடா பெர்னார்ட் வெதரிலுக்கு நினைவூட்டினார். இத்தகைய தீர்மானத்துக்கு அது பொருந்தாது என்றார் வெதரில். எனினும் கொடுத்த சொல்லுக்காகத் தாமே ஒதுங்கிக்கொள்வதாகக் கூறினார். அவ்வாறு செய்தால் தம் கட்சியில் அவர் கதி என்னவாகும் என்பதை ஹாரிசன் அறிவார். வேண்டாமென்று அவரை விடுவித்துவிட்டார். இதைப் படித்தபோது புத்தகத்தைச் சற்று மூடி வைத்துவிட்டேன்.

தீர்மானத்துக்கு ஆதரவு 311, எதிர்ப்பு 310. அரசு வீழ்ந்தது. பிராட்டன் வந்திருந்தால் வாக்குகள் சமமாகியிருக்கும். அப்போது சபாநாயகர் மரபுப்படி தீர்மானத்துக்கு எதிராக வாக்களிக்க, அரசு பிழைத்திருக்கும். மே 3ஆம் நாள் நடந்த தேர்தலில் தாட்சர் வென்று, பதினோராண்டுகளுக்கு மேல் ஆண்டார்.

கலகன் செய்தது சரியென்றே எண்ணுகிறேன். ஆயினும் பிராட்டன் ஏப்ரல் 2ஆம் நாள்தான் இறந்தார். நடுவில் இருந்த அந்த ஐந்து நாட்களை, வரத் தயாராயிருந்த அம்முதியவர் எவ்வாறு கழித்தாரோ?

2024 மக்களவைத் தேர்தலில், 85 வயது நிறைந்தோர் வீட்டிலிருந்தே வாக்களிக்க ஏற்பாடாகியிருந்தது. அலுவலர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தனர். என் தாயார், நான்கூடப் பார்த்துவிடாதபடி முந்தானையால் மறைத்துக்கொண்டு, வாக்குச்சீட்டில் குறியிட்டார். அவர்கள் சென்ற பின், "உன் அப்பாவுக்கு அன்றைக்கே இது இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

நான் மறுமொழி கூறவில்லை.