மலை வீடும் பொதுக் கிணறும்

மலை எல்லோருக்கும் பொது என்பார்கள். ஆனால் மலைமேல் கட்டின வீட்டுக்குக் கதவு இருக்கிறது; கதவுக்குச் சொந்தக்காரன் இருக்கிறான்.

ஆஸ்திரியாவின் தீரோல் பகுதியில் இருக்கின்றன சில்லர்தால் மலைகள். அங்கே 2012 முதல் பீட்டர் ஹபேலர் பெயரில் ஒரு சுற்றுப்பாதை உண்டு. 1978இல் ஆக்சிஜன் உருளை இல்லாமல் எவரெஸ்ட் ஏறிய இருவரில் ஒருவர் அவர். பல நாள் நடை. ராத்திரிக்கு ராத்திரி ஒரு மலை வீடு. சுற்றி வந்தால் புறப்பட்ட இடம். சாதி பற்றிப் பேசக் கூப்பிட்ட கூட்டம் முடிஞ்சதும், அங்குள்ள தோழர்களோடு அதில் ஒரு துண்டு நடந்தேன். கீழே ஷ்லெகைஸ் அணையின் பச்சைத் தண்ணி, எதிரே பனியாறு, காலடியில் கல் பாவின தடம்.

மலை வீட்டு வாசலிலேயே பூட்ஸைக் கழற்றணும். பேராசிரியரும் கழற்றணும், லாரி ஓட்டுறவரும் கழற்றணும். ஊர்த்தெருவில் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கிட்டு நடந்தவரின் பேரப்பிள்ளைக்கு இது சின்ன விஷயமா? ஒரே பெஞ்சு, ஒரே மாதிரிக் கோப்பை. ராத்திரி நீளப் பலகையில் வரிசையாய் மெத்தை. பக்கத்தில் படுக்கிறது யாருன்னு யாரும் கேட்கலை.

அந்த ஊரிலும் கேட்ட காலம் உண்டு. 1921இல் ஜெர்மன்-ஆஸ்திரிய மலையேற்றச் சங்கத்தின் பெரிய வியன்னாக் கிளை ஒன்று 'ஆரியர் மட்டும்' என்று விதி எழுதியது. ஒதுக்கப்பட்ட யூதர்கள் தோனாவ்லாந்து என்று தனிக் கிளை கண்டார்கள். 1924 டிசம்பரில் அந்தக் கிளையையே சங்கம் வெளியேற்றியது. மலை வீடுகளில் யூதர் வரக்கூடாதென்று பலகை தொங்கியது. கோயில் தெருவில் நடக்க விடு என்று வைக்கத்தில் போராடியதும் அதே 1924தான். அங்கே பனி, இங்கே புழுதி, புத்தி ஒன்றுதான்.

வெளியேற்றத்தைப் பொறுக்காத பெர்லின் யூதர்களும் யூதரல்லாத நண்பர்களும் 1925இல் தனிச் சங்கம் தொடங்கினார்கள். 2,498 மீட்டர் உயரத்தில் அவங்க கட்டினதுதான் ஃப்ரீசன்பெர்க் வீடு. 1930இல் முடிஞ்சது. 1934இல் நாஜி ஆட்சியில் சங்கத்தையே கலைத்துவிட்டார்கள். போருக்குப் பிறகு தோனாவ்லாந்தில் மிஞ்சினவங்க கைக்கு வீடு வந்தது. வயசாகி, 1968இல் பெர்லின் கிளையிடம் ஒப்படைத்தார்கள். 2003 முதல் அது சகிப்பின்மைக்கும் வெறுப்புக்கும் எதிரான சர்வதேசச் சந்திப்பு இடம்.

வெளியேற்றினவன் வீட்டில் பலகை தொங்கியது. வெளியேற்றப்பட்டவங்க கட்டின வீட்டில்தான் பொதுவுக்கு இடம் இருந்தது. நம்ம வரலாறும் இதைத்தான் சொல்லுது.

அதுக்காகத் தனி வீடே போதும்னு ஆகிடாது. சேரிக்குத் தனிக் கிணறு, தனிச் சுடுகாடு குடுத்தாச்சு, இன்னும் என்ன என்று கேட்கிற அதிகாரிகளை நாம் பார்த்திருக்கிறோம். 1927இல் மகாத்தில் அம்பேத்கர் தனிக்குளம் கேட்கலை. பொதுக்குளத்தில் இறங்கிக் கையால் அள்ளிக் குடித்தார். நமக்கு வேண்டியது தனிக் கதவு இல்லை. எந்தக் கதவிலும் அந்தப் பலகை இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.