ஜனதாவின் கிளாஸ்

அப்பாவின் ஹெச்.எம்.டி. ஜனதாவில் மணி பார்க்க, வாட்சை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அவ்வளவு கீறல். பஸ் கம்பி, கிணற்றுச் சுவர், சைக்கிள் ஹேண்டில்பார் என்று நாற்பது வருடம் உரசியதெல்லாம் அதில் பதிந்திருந்தது. கிளாஸை மாற்றிவிடலாம் என்று மதுரையில் ஒரு பழைய வாட்ச் கடைக்குக் கொண்டுபோனேன்.

பெரியவர் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு பார்த்தார். "எதுக்கு மாத்தணும்? இது கண்ணாடியே இல்ல தம்பி" என்றார். வெள்ளை டூத்பேஸ்டைத் துணியில் தொட்டு, பத்து நிமிடம் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். டயல் துலங்கிவிட்டது. மூன்று மணிக்குப் பக்கத்தில் ஆழமான ஒரு கீறல் மட்டும் போகவில்லை. அதற்கு உப்புத்தாள் போட வேண்டுமாம், வேண்டாம் என்றேன்.

கண்ணாடி இல்லையென்றால் பிறகு என்ன? அந்தக் கேள்வி வீடுவரை கூடவே வந்தது.

அக்ரிலிக். தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் அதைவிடக் கடினம். அதனால்தான் சட்டென்று கீறல் விழுகிறது. பேஸ்டில் உள்ள நுண்துகள் மேல்பரப்பை மெல்லச் சீவிவிடுவதால் கீறல் மறைகிறது. கீழே விழுந்தாலும் கண்ணாடி மாதிரி தூள்தூளாகச் சிதறாது. கொஞ்சம் வளையும் என்பதால் விளிம்பை நெருக்கிப் பிடித்து, பசையே இல்லாமல் கேஸில் பொருத்திவிடலாம். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்துப் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய ஹெச்.எம்.டி.க்கு இதைவிடத் தோதான பொருள் கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு.

இந்த அக்ரிலிக்கை 1933இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோமின் கம்பெனி பிளெக்ஸிகிளாஸ் என்று பதிவு செய்தது. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. அதையே பெர்ஸ்பெக்ஸ் என்று விற்றது. இரண்டாம் உலகப் போரில் அது விமானிகளின் தலைக்கு மேல் கூரையானது. குண்டு பட்டு அந்தக் கூரை உடைந்தபோது, சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போயின. அவர்களுக்கு வைத்தியம் பார்த்த லண்டன் டாக்டர் ஹரோல்ட் ரிட்லி ஒன்றைக் கவனித்தார்: சில்லு உள்ளேயே தங்கியும் கண் அதை வெறுக்கவில்லை. 1949 நவம்பர் 29 அன்று, செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், கண்புரை எடுத்த கண்ணுக்கு பெர்ஸ்பெக்ஸ் லென்ஸ் வைக்கும் முதல் அறுவையைச் செய்தார். சக டாக்டர்கள் பலர் பல வருடம் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். 2000இல், தொண்ணூற்று மூன்று வயதில், சர் பட்டம் வந்தது. கொஞ்சம் தாமதம்தான்.

இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பாவுக்கு மதுரையில் கண்புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992இல் ஆரோலேப் என்று தனியாகத் தொடங்கி, எளியவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் செய்ததும் இந்த அக்ரிலிக் லென்ஸைத்தான். பழைய சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அப்பாவுக்கு வைத்ததும் அதே பொருள்.

சொன்னேன். வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, மங்குனா என் கண்ணுக்கும் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பியா?" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வாட்ச் கிடந்தால், கிளாஸை மாற்றக் கொடுக்குமுன் நகத்தால் தட்டிப் பாருங்கள். சத்தம் கணீரென்று இருந்தால் அது கண்ணாடி. பேஸ்ட் தேய்த்துப் பயனில்லை. மந்தமாகக் கேட்டால் அக்ரிலிக். வெள்ளைப் பேஸ்ட், பழைய பருத்தித் துணி, பத்து நிமிடம். ஜெல் பேஸ்ட் வேண்டாம்.