மெதுவா கேட்டிருக்கலாம்

இன்னைக்கு கண்டியில ஒரு கிளினிக்.
எனக்கு முன்னால ஒரு அக்கா. தோட்டத்துல இருந்து முதல் பஸ்ஸுல வந்தவங்க.
கண்ணுக்குக் கீழ நீலம் பாரிச்சிருந்துச்சு.

"புருஷன் அடிச்சதா?"
நர்ஸ் மிஸ் கேட்ட சத்தத்துல வாங்குல இருந்த அத்தன பேரும் திரும்பிட்டாங்க.

அக்கா கிளினிக் கொப்பிய முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு,
"விறகு வெட்டக்குள்ள பட்டுருச்சு மிஸ்"ன்னாங்க.

இப்படி வீட்டுல அடி வாங்குறவங்களுக்குன்னே அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல 'நட்பு நிலையம்' இருக்கு. சிங்களத்துல மித்துரு பியச. 2007ல மாத்தறையில தொடங்கினது. தனியா உட்கார வச்சுப் பேசுவாங்க.

இதெல்லாம் எனக்குத் தெரியும். பெண்களுக்கான 1938 உதவி நம்பர் கூட மனப்பாடம்!

ஆனா அந்த நேரம் போனை நோண்டிக்கிட்டு இருந்தேன்.
இப்ப வீட்டுல உட்கார்ந்து வீரமா பதிவு போடுறேன்.

அக்கா பக்கத்துல போய் என்னன்னு பேச்ச தொடங்கியிருக்கணும்?